தினம் ஒரு மாத்திரை. அதற்குப் பின்னால் ஒரு டாக்டர்

இமாட்டினிப் என்ற மாத்திரையின் பெயரை இதைப் படிக்கிற சகோதரிகளில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்பு வரை நானும் கேட்டதில்லை. இப்போது எங்கள் குடும்பத்தில் உப்பு, புளி மாதிரி அதுவும் ஒரு வீட்டுச் சொல் ஆகிவிட்டது. மாதச் சாமான் லிஸ்ட் எழுதும்போதே, "மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம்.

சாப்பிடுகிறவர் என் மூத்த ஓரகத்தி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. விடிகாலை நாலரைக்கு எழுந்து கோலம் போட்டு, இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுகிற மனுஷி. அப்படிப்பட்டவர் நாற்பத்தெட்டாவது வயதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து போனார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். "மாதவிடாய் நிக்கற வயசு, அதான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாலு மாதம் ஓட்டினார். நம்மில் யார்தான் அப்படி ஓட்டுவதில்லை?

கடைசியில் சாதாரண ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது. வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டுமாம். அக்காவுக்கு 1,80,000! தப்பாக இருக்குமோ என்று லேபில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். தப்பில்லை. க்ரானிக் மைலாய்ட் லூக்கீமியா என்றார் டாக்டர். நாள்பட மெதுவாக வளர்கிற ஒருவகை ரத்தப் புற்றுநோய். இடது பக்கத்துக் கனம், மண்ணீரல் வீங்கியதால் வந்தது.

புற்றுநோய் என்ற வார்த்தையைக் கேட்டதும் எங்கள் அத்தனை பேருக்கும் கை கால் ஆடிப்போயிற்று. டாக்டர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "இதே வியாதி 2000-க்கு முன்னாடி வந்திருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசியிருப்பேன்மா. இப்போ தினம் ஒரு மாத்திரை. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் சாப்பிடற மாதிரி சாப்பிட்டுக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க."

அப்படியேதான் நடந்தது. ஒன்றரை மாதத்தில் ரத்த எண்ணிக்கை சரியாகிவிட்டது. தையல் மெஷின் மறுபடியும் ஓடியது. ஐந்து வருஷமும் ஓடிப்போயிற்று. போன வருஷம் ஒரு நாள் அக்கா, "நான் இந்த மாத்திரையை நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பித்தார். "ரத்தம்தான் சரியா இருக்கே. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் கொடுக்கற பணத்தைச் சேர்த்தா பொண்ணுக்கு ஒரு சங்கிலியாவது ஆகும். வரன் பாக்கறோம். வர்றவங்க அலமாரியில இந்த டப்பாவைப் பார்த்தா பரம்பரை வியாதின்னுதானே பேசுவாங்க?"

பணக் கவலையும் உண்மை, பெண்ணைப் பெற்றவளின் பயமும் உண்மை. வெறுமனே "கூடாது" என்று சொன்னால் எடுபடாது. என் மகள் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறாள். பெரியம்மாவை உட்கார வைத்து அவள் சொன்ன கதையும், அதற்குப் பிறகு நான் அவளிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. பிளஸ் டூவோடு நின்ற எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாமலா போய்விடும்!

நம் உடம்பில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. எப்போது வளரணும், எப்போது இரண்டாகப் பிரியணும், எப்போது சும்மா இருக்கணும் என்று ஒவ்வொரு செல்லுக்கும் செய்தி வந்துகொண்டே இருக்கும். அந்தச் செய்தியை உள்ளே கொண்டுபோகிற வேலையைச் சில புரதங்கள் செய்கின்றன. அவற்றில் முக்கியமானவைதான் புரோட்டீன் கைனேஸ்கள். ஒரு கைனேஸ் செய்கிற காரியம் ரொம்பச் சின்னது. இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட் என்கிற ஒரு துணுக்கை ஒட்ட வைக்கும். ஒட்டினால் அந்தப் புரதம் விழித்துக்கொண்டு வேலை செய்யும், சில சமயம் வேலையை நிறுத்தும். வேலை முடிந்ததும் வேறொரு புரதம் வந்து அந்தத் துணுக்கை எடுத்துவிடும். ஸ்விட்சைப் போடுவதும் அணைப்பதும் மாதிரி.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இருவர். 1950-களில் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், தசை எப்படிச் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது என்று ஆராய்ந்தபோது தெரிந்துகொண்டார்கள். அதற்கு நோபல் பரிசு வந்தது 1992-ல்! மனிதருக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு என்று பிறகு எண்ணிச் சொன்னார்கள். 1979-ல் டோனி ஹன்டர் என்ற விஞ்ஞானி, டைரோசின் என்ற இடத்தில் மட்டும் பாஸ்பேட்டை ஒட்டுகிற ஒரு தனி வகைக் கைனேஸைக் கண்டுபிடித்தார். செல்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகுவதில் இந்த வகைக்குப் பெரிய பங்கு இருப்பது அப்போது தெரிய வந்தது.

அக்காவுக்கு வந்த வியாதியில் நடப்பது இதுதான். வாசலில் காலிங் பெல் பட்டன் உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள், பெல் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். அதே மாதிரி ஒரு கைனேஸ் 'வளர், வளர்' என்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எலும்பு மஜ்ஜை அதை நம்பி வெள்ளை அணுக்களை உற்பத்தி செய்து தள்ளுகிறது.

பட்டன் எப்படி மாட்டிக்கொண்டது என்பதைக் காட்டியவர் ஒரு பெண் டாக்டர் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். 1960-லேயே ஃபிலடெல்ஃபியா நகரில் இரண்டு விஞ்ஞானிகள், இந்த நோயாளிகளின் செல்லில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தைவிடச் சின்னதாக இருப்பதைப் பார்த்திருந்தார்கள். காணாமல் போன துண்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற டாக்டர் இருந்தார். நாலு பிள்ளைகளுக்குத் தாய். கடைக்குட்டி வளருகிற வரை பல வருஷம் வாரத்தில் மூன்று நாள்தான் வேலைக்குப் போனவர். குரோமோசோம்களின் போட்டோக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தரிக்கோலால் வெட்டி, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஜோடி ஜோடியாக வைத்துப் பார்ப்பார். அம்மா காகித பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேஜையில்தான் 1972-ல் அவருக்குப் பிடிபட்டது. 9-ம் எண் குரோமோசோமும் 22-ம் எண் குரோமோசோமும் ஆளுக்கொரு நுனியை மாற்றிக்கொண்டிருந்தன. இந்த இடமாற்றத்தால் இரண்டு ஜீன்கள் ஒட்டிப்போய், அணையவே அணையாத ஒரு டைரோசின் கைனேஸ் உண்டாகிறது என்பதை 1980-களில் மற்றவர்கள் கண்டார்கள். அதற்கு பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்று பெயர். அக்காவின் பரிசோதனைச் சீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவது அந்தப் பெயர்தான்.

இனிமேல்தான் கட்டுரையின் நாயகர் வருகிறார். ப்ரையன் ட்ரூக்கர் என்ற அமெரிக்க டாக்டர். 1955-ல் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் சான் டியேகோவில் ரசாயனமும் பிறகு டாக்டர் படிப்பும் முடித்தார். புற்றுநோய் வைத்தியத்தில் சிறப்புப் பயிற்சிக்காக பாஸ்டன் நகரத்தில் டானா-ஃபார்பர் என்ற நிலையத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் புற்றுநோய் மருந்து என்றால் நல்ல செல், கெட்ட செல் என்று பார்க்காமல் இரண்டையும் சேர்த்து அடிக்கிற மருந்துதான். முடி கொட்டும், வாந்தி நிற்காது. இந்த ரத்தப் புற்றுநோய்க்கோ, ஒன்று, பொருந்துகிறவர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இன்டர்ஃபெரான் ஊசி. தினமும் ஜுரம் வந்த மாதிரி உடம்பு முறித்துப் போடும். அப்படியும் பெரும்பாலோர் நாலைந்து வருஷத்துக்கு மேல் தாங்கவில்லை.

எதனால் இப்படி ஆகிறது என்று தெரியாமலே எத்தனை நாள் மருந்து கொடுப்பது என்று ட்ரூக்கர் ஆராய்ச்சிக் கூடத்துக்குள் நுழைந்தார். புரதத்தின் மேல் டைரோசினில் பாஸ்பேட் ஒட்டியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கிற ஒரு எதிர்ப்பொருளைத் தயாரிப்பதில் வருஷக்கணக்கில் உழைத்தார். கைனேஸ் வேலை செய்கிறதா, நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்க்க அது உதவியது. ஸ்விட்சை அணைக்கிற மருந்து வேண்டும் என்றால், அணைந்ததா என்று பார்க்க ஒரு வழி முதலில் வேண்டுமல்லவா?

அதே சமயம் சுவிட்சர்லாந்தில் பாஸல் நகரத்தில், சீபா-கைகி என்ற மருந்துக் கம்பெனியில் நிக்கலஸ் லைடன் என்பவரும் அவரோடு இருந்த ரசாயன நிபுணர்களும் கைனேஸ்களை அடைக்கிற பொருட்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த வியாதியில் இதை முயன்று பார்க்கலாம் என்ற பேச்சு வந்தபோது, ட்ரூக்கர் திரும்பத் திரும்பச் சொன்னது இந்த ரத்தப் புற்றுநோயைத்தான். மற்ற புற்றுநோய்களில் பல கோளாறுகள் கலந்திருக்கும். இதில் மாட்டிக்கொண்ட பட்டன் ஒன்றே ஒன்று. அதை விடுவித்தால் போதும் என்பது அவர் கணக்கு.

ஆனால் அவர் இருந்த நிலையம் வேறொரு மருந்துக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்திருந்ததால் அங்கே இருந்துகொண்டு லைடனோடு சேர்ந்து வேலை செய்ய முடியவில்லை. 1993-ல் ஊரையே மாற்றிக்கொண்டு, நாட்டின் மறு கோடியில் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரத்து மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போனதும் முதல் காரியமாக லைடனைக் கூப்பிட்டுப் பேசினார். பாஸலிலிருந்து சில பொருட்கள் வந்தன. ஒவ்வொன்றாகச் சோதித்ததில் ஒன்று மட்டும், நோயுள்ள செல்களைக் கொன்றது; நல்ல செல்களைத் தொடவில்லை. 1996-ல் இதை வெளியிட்டார்கள். அதுதான் பின்னாளில் இமாட்டினிப்.

இத்தனை நல்ல செய்தி வந்த பிறகு மருந்து உடனே ஓடி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கல்லீரல் கெடுமோ என்ற சந்தேகம் வந்தது. 1996-ல் அந்தக் கம்பெனி இன்னொன்றோடு இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது. அமெரிக்காவில் இந்த வியாதி வருவது வருஷத்துக்குச் சில ஆயிரம் பேருக்குத்தான். போட்ட பணம் வருமா என்ற தயக்கமும் இருந்தது. அந்தச் சில ஆயிரம் பேரில் பலர் ட்ரூக்கருக்கு முகம் தெரிந்தவர்கள். மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியுங்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

1998 ஜூனில் அனுமதி கிடைத்தது. அவரும் வேறு இரண்டு ஊர்களில் சார்லஸ் சாயர்ஸ், மோஷே டல்பாஸ் என்ற டாக்டர்களும் சேர்ந்து, இன்டர்ஃபெரான் கைவிட்ட நோயாளிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அளவை ஏற்றிக் கொடுத்தார்கள். தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சரியாயிற்று. பெரும்பாலோருக்கு நாலே வாரத்தில்! உயில் எழுதி வைத்துவிட்டு வந்தவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

விஷயம் பரவியதும் எல்லோருக்கும் கொடுக்க மருந்து போதவில்லை. 1999-ல் கனடா நாட்டு நோயாளிப் பெண் ஒருவர், அதிகமாகத் தயாரியுங்கள் என்று கேட்டு ஆயிரக்கணக்கானவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கம்பெனித் தலைவருக்கு அனுப்பினார். உற்பத்தி கூடியது. 2001 மே 10-ம் தேதி அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி தந்தது. பிறகு பல நாடுகளில் நடந்த பெரிய பரிசோதனையில், இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

ட்ரூக்கருக்கும் லைடனுக்கும் சாயர்ஸுக்கும் 2009-ல் லாஸ்கர் பரிசு கிடைத்தது. 2012-ல் ஜப்பான் நாட்டுப் பரிசை ட்ரூக்கரோடும் லைடனோடும் பகிர்ந்துகொண்டவர் நம் சாப்பாட்டு மேஜை ஜேனட் ரௌலி! அப்போது அவருக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது. அடுத்த வருஷம் காலமானார்.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. நோவார்ட்டிஸ் இந்த மருந்துக்கு இந்தியக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006-ல் அங்கே மறுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், கடைசியில் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ம் தேதி கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி மருந்து மாதம் 1,20,000 ரூபாய் என்றும், நம் நாட்டுக் கம்பெனிகளின் அதே மருந்து 10,000 ரூபாய்க்குள் என்றும் அப்போது பத்திரிகைகளில் வந்தது. நிறைய நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுத்தோம் என்பது கம்பெனியின் பதில். அதே 2013-ல் உலகத்தில் இந்த வியாதியைப் பார்க்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்கள், இந்த மருந்துகளின் விலை தாங்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது என்று சேர்ந்து எழுதினார்கள். அவர்களில் ட்ரூக்கரும் ஒருவர். அக்கா கையில் இருக்கிற மாத்திரை, நாங்கள் வாங்கக்கூடிய விலையில் வருவது இப்படித்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த டாக்டர் ஊரை விட்டு ஊர் போய் அணைச்சு வச்ச ஸ்விட்சை நான் சங்கிலிக்காகத் திரும்பப் போடணுமாக்கும்" என்றார். இருந்தாலும் அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர்தானே? நானும் மகளும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம்.

டாக்டர் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். ரத்த எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அந்த பி.சி.ஆர்.-ஏ.பி.எல். இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. பல வருஷம் மருந்து சாப்பிட்டு, அது தென்படவே இல்லை என்ற நிலையில் இருக்கிற சிலருக்கு மட்டும் டாக்டர்களே நிறுத்திப் பார்ப்பது உண்டாம். அதுவும் அடிக்கடி பரிசோதனை செய்துகொண்டு. அப்படி நிறுத்தியவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வியாதி திரும்பி, மறுபடி மாத்திரை தொடங்க வேண்டியிருக்கிறது. நாமாக நிறுத்துவதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டுச் சிக்கனம் பிடிப்பதும் ஆபத்து. மருந்துக்கு அடங்காத மாதிரி வியாதி மாறிவிடலாம்.

"பரம்பரையா வருமா டாக்டர்?" என்று அக்கா கேட்டார். வராது என்று அடித்துச் சொன்னார். அந்த இடமாற்றம் பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் நடக்கிறது. அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போவதில்லை. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

அதற்குப் பிறகு அக்கா டப்பாவை மறைக்கவில்லை. வரன் பேச வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரு வீட்டார் அப்புறம் தகவலே சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் பையனின் அம்மா, "நீங்க எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் சாப்பிடலாமில்ல?" என்று மட்டும் கேட்டார். போன ஆவணியில் அந்த வீட்டில்தான் கல்யாணம் நடந்தது. சங்கிலி கொஞ்சம் மெலிசாகத்தான் போட்டோம். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் சாப்பிட்டால் குமட்டல் குறையும். காலையில் கண் இமை வீங்குவதும், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் சிலருக்கு உண்டு. அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு வைத்தியரிடமோ மருந்துக் கடையிலோ எதை வாங்கினாலும் இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். குழந்தை பெறுகிற வயதில் இருக்கிற பெண்கள், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரைக் கலந்துகொள்வது ரொம்ப அவசியம். எங்கள் அக்கா தினசரிக் காலண்டரில் மாத்திரை போட்டதும் தேதியின் மேல் ஒரு புள்ளி வைக்கிறார். புள்ளி இல்லாவிட்டால் வீட்டில் யாராவது கேட்டுவிடுவோம்.

இன்னொன்று. காரணமில்லாத அசதி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைகிற உணர்ச்சி, இடது விலாவுக்குக் கீழே கனம், தானாக எடை குறைவது – இவற்றுக்குச் சாதாரணக் காரணங்களே ஜாஸ்தி. ஆனாலும் நாட்கணக்கில் நீடித்தால் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் எல்லோரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிற நாம், நமக்காகவும் ஒரு நாள் போகலாம்.